கொலைகாரனின் கண்: 'ஸ்லாஷர்' படங்கள் குறித்துச் சில குறிப்புகள்

'பொம்பளைங்களைத் துரத்தித் துரத்தி வெட்டுற படங்களை உட்கார்ந்து பார்த்துட்டு, அதைப் பத்திக் கட்டுரை வேற எழுதணுமா?' என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நியாயமான கேள்விதான். முகமூடி போட்ட ஒருத்தன், கையில் கத்தி, பெரியவர்கள் இல்லாத வீடு, ஒவ்வொருத்தராகச் சாகும் இளைஞர்கள், கடைசியில் மிஞ்சும் ஒரு பெண். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் கெட்டிப்பட்டு, 80களில் வீடியோ கேசட் வழியாக எங்கும் பரவிய வகை இது. வக்கிரம், குப்பை என்று இரண்டு சொற்களில் இதை முடித்துவிடலாம். தடை செய் என்று கோரலாம். பிரிட்டனில் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

நான் கேட்க விரும்புவது வேறொன்று. கொலைக் காட்சியில் ரத்தம் எவ்வளவு என்றுதான் தணிக்கை அதிகாரி அளக்கிறார். ஒழுக்கவாதியும் அதைத்தான் அளக்கிறார். கேமரா எங்கே நிற்கிறது, யாருடைய கண்ணாக நிற்கிறது என்று நாம் கேட்டுப் பார்த்தால் என்ன? பார்ப்பவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. பார்க்கப்படுகிறவர் உடலாக மட்டும் எஞ்சுகிறார். திகில் சினிமாவின் உத்திகள் என்று நாம் அறிந்த அத்தனையும் இந்தப் பார்வை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறுகிறது என்பதைச் சுற்றியே உருவாகியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

1

1960இல் இரண்டு படங்கள் வந்தன. ஏப்ரலில் லண்டனில் மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்'. ஜூனில் நியூயார்க்கில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'.

பவலின் நாயகன் மார்க் சினிமா ஸ்டூடியோவில் ஃபோகஸ் பார்க்கும் தொழிலாளி. அவனுடைய கேமரா ஸ்டாண்டின் ஒரு காலில் கத்தி ஒளிந்திருக்கிறது. அதைப் பெண்ணின் கழுத்துக்கு நேராக நீட்டிக்கொண்டே அவளது மரண பயத்தைப் படமெடுப்பான். போதாததற்கு ஒரு கண்ணாடி வேறு. சாகிறவள் தன் பயத்தைத் தானே பார்த்தபடி சாக வேண்டும். படத்தின் முதல் கொலையை நாம் அவனுடைய கேமராவின் வியூஃபைண்டர் வழியாகத்தான் பார்க்கிறோம். அவன் ஏன் இப்படி ஆனான்? அவனது தந்தை ஒரு விஞ்ஞானி. பயத்தை ஆராய்வதற்காக மகனை விதவிதமாகப் பயமுறுத்தி, அவன் பிள்ளைப் பருவத்தையே படம் பிடித்துக் குவித்தவர். அந்தத் தந்தையாக நடித்தவர் பவல். அந்தச் சிறுவனாக நடித்தது பவலின் சொந்த மகன். ஆக, கொலைகாரனின் கண்ணுக்குப் பின்னால் தந்தையின் கண், அதற்குப் பின்னால் அறிவியலின் கண், அதற்கும் பின்னால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நம் கண் எனப் படம் வரிசைப்படுத்திவிடுகிறது. பிரிட்டிஷ் விமர்சகர்கள் கொதித்துப் போனார்கள். பவலுக்கு அதற்குப் பிறகு பிரிட்டிஷ் சினிமாவில் பழைய இடம் கிடைக்கவில்லை.

'சைக்கோ' அதே விஷயத்தைக் கமுக்கமாகச் செய்தது. சுமார் 8 லட்சம் டாலர் செலவு, கறுப்பு வெள்ளை, ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடரில் வேலை செய்த ஆட்கள். குளியலறைக் கொலை திரையில் முக்கால் நிமிடம்தான். எடுக்க ஏழு நாட்கள் ஆயின. 78 கேமரா நிலைகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகள். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கத்தி இறங்கும் ஓசைக்கு முலாம்பழம். அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்துக் கிறீச்சிட வைத்தபின் மனதை மாற்றிக்கொண்டார். கத்தி உடலைக் கிழிப்பதைப் படம் கிட்டத்தட்டக் காட்டுவதே இல்லை. பார்த்தேன் என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டியது எடிட்டிங் மேஜை, நிரப்பிக்கொண்டது நம் மண்டை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கொலைக்கு முன்னும் பின்னும் நடப்பது. நார்மன் சுவரில் மாட்டிய ஓவியத்தை நகர்த்திவிட்டு ஓட்டை வழியாக மரியன் உடை மாற்றுவதைப் பார்க்கிறான். குளிக்கும் சூசன்னாவை முதியவர்கள் மறைந்திருந்து பார்க்கும் பழங்கதையின் ஓவியம் அது. அவனோடு சேர்ந்து நாமும் எட்டிப் பார்க்கிறோம். கொலைக்குப் பிறகு அவன் தரையைக் கழுவி, பிணத்தைக் காரில் ஏற்றிச் சதுப்பில் தள்ளுகிறான். கார் பாதி அமிழ்ந்து நின்றுவிடுகிறது. 'ஐயோ, மாட்டிக்கப் போறானே' என்று நமக்குப் பதறுகிறது. அரை மணி நேரத்துக்கும் மேலாக யாரோடு வாழ்ந்தோமோ அந்தப் பெண்ணை மறந்து, பிணத்தை மறைக்கிறவன் பக்கம் போய் நிற்கிறோம். கண்ணை எங்கே நகர்த்தினால் மனசும் பின்னாலேயே போகும் என்பதை ஸ்லாஷர் படங்கள் கற்றுக்கொண்டது இங்கிருந்துதான்.

2

1968இல் பிட்ஸ்பர்க் பகுதியில் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்தார்கள். எழுந்து வரும் பிணங்களுக்குப் பயந்து ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர். அவர்களில் நிதானமாக யோசித்துச் செயல்படுபவன் பென். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். அந்தப் பாத்திரம் கறுப்பர் என்று திரைக்கதையில் எழுதப்பட்டிருக்கவில்லை. இரவு முழுக்கத் தாக்குப்பிடித்த பென், விடியற்காலையில் ஆட்களின் சத்தம் கேட்டு ஜன்னலருகே வருகிறான். ஷெரீஃபுடன் வந்த வெள்ளையர் படை ஒரே குண்டில் அவனைச் சுடுகிறது. பிணம் என்று நினைத்தார்களாம்!

அதன்பின் படம் அசைவதை நிறுத்திவிடுகிறது. சொரசொரப்பான, பத்திரிகைப் புகைப்படங்களைப் போன்ற நிழற்படங்கள். இறைச்சிக் கொக்கிகளோடு ஆட்கள், பென்னின் உடல், விறகுக் குவியல். கறுப்பர்களைக் கும்பலாகக் கொன்று, அந்தப் படத்தை அஞ்சலட்டையாக விற்ற நாடு அது. படச்சுருளைக் காரில் நியூயார்க்குக்குக் கொண்டுபோன இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். படம் அக்டோபரில் வெளியானது. இதில் கேமரா கொலைகாரனின் கண்ணாக இல்லை. ஒரு கறுப்பனோடு வீட்டுக்குள் இருந்தது, கடைசி நிமிடத்தில் வெளியே வந்து, காப்பாற்ற வந்தவர்களின் துப்பாக்கியோடு சேர்ந்து அவனைத் தூரத்தில் ஓர் உருவமாகப் பார்க்கிறது. பேயைவிட அந்தத் தூரம்தான் பயங்கரம்.

1974இல் டோப் ஹூப்பரின் 'த டெக்ஸாஸ் செயின் சா மாஸாக்கர்'. பெயரே குடலைப் புரட்டும். ஆனால் பாருங்கள், படத்தில் ரத்தம் மிகக் குறைவு. ஒரு பெண்ணைக் கொக்கியில் மாட்டுகிறான். கொக்கி உடலில் ஏறுவதைக் காட்டவில்லை, கீழே ஒரு தொட்டி இருப்பது மட்டும் தெரிகிறது. 1973 கோடையில், டெக்ஸாஸ் வெயிலில், 16 எம்எம்மில் எடுக்கப்பட்டது. விருந்துக் காட்சியை ஒரே மூச்சில் ஒரு நாளைத் தாண்டி எடுத்திருக்கிறார்கள். உணவும் எலும்பும் விளக்குச் சூட்டில் அழுகி நாறியது என்று நடித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காட்சியில் கேமரா சாலியின் கண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. திரை முழுக்க ஒரு விழி, அதன் சிவந்த நரம்புகள். பார்க்கப்படுகிறவளின் கண் இவ்வளவு பெரிதாகத் திரையில் திறப்பது அதுவரை அரிது.

கொலைகாரர்கள் யார்? கசாப்புத் தொழிற்சாலையில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த குடும்பம். சம்மட்டியால் மாட்டை அடித்த காலம் போய், காற்றழுத்தத் துப்பாக்கி வந்தது. கை வேலைக்காரர்களுக்கு வேலை போனது. வேனில் ஏறிக்கொள்ளும் இளைஞன் இதையெல்லாம் வெளிப்படையாகவே சொல்கிறான். வேலை போனவர்கள் தெரிந்த தொழிலை மனிதர்கள் மேல் தொடர்கிறார்கள். ராபின் வுட் போன்ற இடதுசாரி விமர்சகர்கள் 1979 வாக்கிலேயே இதைச் சொன்னார்கள்: ஒரு சமூகம் தனக்குள் அமுக்கி வைத்தது அரக்கனாகத் திரும்பி வருகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வேலையிழந்தவனை அரக்கனாகக் காட்டும்போது யாருடைய பயம் அங்கே பேசுகிறது? வேனில் ஊர் சுற்ற வந்த நடுத்தர வர்க்கப் பிள்ளைகளின் பயம்தானே? படம் இரண்டு பக்கமும் நிற்கப் பார்க்கிறது, முடியவில்லை. அந்த முடியாமையை மறைக்கவும் இல்லை என்பதே அதன் நேர்மை.

3

ஸ்லாஷர் என்று நாம் சொல்லும் வகைக்கான இலக்கணம் அதே 1974இல் கனடாவில் பாப் கிளார்க் எடுத்த 'பிளாக் கிறிஸ்துமஸ்' படத்தில் கிட்டத்தட்ட முழுமையாக இருக்கிறது. விடுமுறைக்குக் காலியாகும் மாணவியர் விடுதி. வெளியிலிருந்து வீட்டைப் பார்க்கும் ஒரு கண், மூச்சு வாங்கியபடி சுவரேறிப் பரணுக்குள் புகுகிறது. ஒளிப்பதிவுக் குழுவில் ஒருவர் கேமராவைத் தன் உடம்போடு கட்டிக்கொண்டு ஏறி எடுத்த காட்சி அது. கொலைகாரனின் முகத்தைப் படம் கடைசிவரை காட்டுவதில்லை. ஆபாசத் தொலைபேசி அழைப்புகள் வீட்டுக்குள்ளிருந்தே வருகின்றன என்பது பின்னால் தெரிகிறது.

இந்த வகைப் படங்களில் கன்னிப்பெண் மட்டுமே பிழைப்பாள் என்று ஒரு விதி சொல்வார்கள். மூலத்திலேயே அந்த விதி இல்லை! ஜெஸ் கர்ப்பமாக இருக்கிறாள், கருவைக் கலைக்க முடிவெடுத்திருக்கிறாள், காதலன் மிரட்டியும் அசையவில்லை. அவள்தான் இறுதிவரை நிற்கிறாள். காணாமல்போன பெண்ணைப் பற்றிப் புகார் சொல்லப் போனால், 'பையனோட எங்கயாவது போயிருப்பா' என்கிற தொனியில் போலீஸ்காரர் பேசுகிறார். கடைசியில் தவறான ஆளைக் கொலைகாரன் என்று முடிவுகட்டி, மயக்க மருந்தில் கிடக்கும் ஜெஸ்ஸை அதே வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். பரணில் அவன் இன்னும் இருக்கிறான். தொலைபேசி ஒலிக்கிறது. படம் முடிந்தது. பெண் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாத நிறுவனங்கள் பற்றி இவ்வளவு கறாராகப் பேசிய படத்தைக் 'கத்திப் படம்' என்று தள்ளிவிட முடியுமா?

1978 அக்டோபரில் ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்'. செலவு சுமார் 3 லட்சம் டாலர், படப்பிடிப்பு 20 நாள். கதை நடப்பது இலையுதிர் காலத்து இல்லினாய். எடுத்தது கலிபோர்னியாவின் வசந்தத்தில். ஆகவே இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி, மறுபடியும் கொட்டினார்கள். கொலைகாரனின் முகமூடி கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கியது. 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகம், வெள்ளைச் சாயம் அடித்துப் புருவத்தை எடுத்துவிட்டார்கள். ஐந்தடித் தாளத்தில் நச்சரிக்கும் அந்த இசையைக் கார்ப்பென்டரே போட்டார். கையில் காசில்லாததும் ஒரு பாணியை உருவாக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. கேரட் பிரௌன் கண்டுபிடித்த ஸ்டெடிகேம் 1976இல்தான் திரைக்கு வந்திருந்தது. தோளில் மாட்டி நடந்தாலும் ஓடினாலும் படம் குலுங்காது. அதன் பானாவிஷன் வடிவமான பானாகிளைடைக் கார்ப்பென்டர் பயன்படுத்தினார். முதல் காட்சியில் ஒரு கண் வீட்டைச் சுற்றுகிறது, சமையலறையில் கத்தியை எடுக்கிறது, மாடி ஏறுகிறது, முகமூடி அணிகிறது, இரண்டு ஓட்டைகள் வழியாக ஒரு பெண்ணைக் குத்துகிறது. வெட்டே இல்லாததுபோல் தோன்றும் நீண்ட ஓட்டம். வாசலில் முகமூடியைக் கழற்றினால் ஆறு வயதுப் பையன்! நாம் கொலைகாரனின் கண்ணாக இருந்தோம், அந்தக் கண் பெண்களுக்குக் கதவு திறந்துவிடும் ஒரு புறநகர்க் குடும்பத்தின் பிள்ளை. கத்தி பிடித்த அந்தச் சின்னக் கை உண்மையில் படத்தின் தயாரிப்பாளரும் இணை எழுத்தாளருமான டெப்ரா ஹில்லின் கை.

பிறகு படம் கண்ணை மெதுவாகக் கைமாற்றுகிறது. அகலத்திரையின் ஓரத்தில் அவன் நிற்கிறான், லாரி மட்டும் பார்க்கிறாள். வகுப்பறை ஜன்னல் வழியாக, வேலிக்கருகே, துணி காயும் கொடிகளுக்கு இடையே. தோழிகள் பார்ப்பதில்லை. உறவு வைத்துக்கொண்டதற்கான தண்டனையாகத் தோழிகள் சாகிறார்கள் என்ற வாசிப்பைக் கார்ப்பென்டர் பலமுறை மறுத்திருக்கிறார். படைப்பாளி மறுத்துவிட்டதால் பிரதி அப்பாவியாகிவிடாது. என்றாலும் லாரி தப்புவது கண்ணைத் திறந்து வைத்திருப்பதால் என்பதைக் காட்சிகளே சொல்கின்றன. அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறும்போது உள்ளே விளக்கு எரிகிறது, யாரோ திரையை விலக்கிப் பார்க்கிறார்கள், பிறகு விளக்கு அணைகிறது. பார்த்துவிட்டு விளக்கை அணைப்பவர்கள். நமக்குத் தெரியாதவர்களா என்ன?

4

அமெரிக்காவில் மட்டும் 'ஹாலோவீன்' 4.7 கோடி டாலர் வசூலித்தது. அதற்கப்புறம் தொழிற்சாலைதான். 1980 மே மாதம் 'ஃபிரைடே த தர்ட்டீன்த்'. இதில் கொலைகாரப் பார்வைக்கு ஒரே வேலை, ஆளை மறைப்பது. ஆண் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறோம், கடைசியில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய். ஹாக்கி முகமூடி ஜேசன் மூன்றாம் படத்தில்தான், 1982இல், வருகிறான். காயங்களைச் செய்தவர் டாம் சவினி. வியட்நாமில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர். லென்ஸ் வழியாகப் பார்த்த நிஜப் பிணங்களே தன் ஒப்பனைக்குப் பாடம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அமெரிக்க இளைஞர்கள் கூச்சலிட்டு ரசித்த அந்தச் சிதைந்த உடல்களுக்குள் ஒரு போர் ஒளிந்திருந்தது.

பெண்கள் என்ன சொன்னார்கள்? லாரா மல்வி 1975இலேயே ஹாலிவுட்டின் கண் ஆண் கண் என்று எழுதிவிட்டார். கரோல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையிலும் 1992இல் வந்த நூலிலும் அதைச் சிக்கலாக்கினார். இளம் ஆண் பார்வையாளன் கொலைகாரனின் கண்ணோடு தொடங்கி, துரத்தப்படும் பெண்ணின் கண்ணோடு முடிக்கிறான் என்றார். 'கடைசிப் பெண்' என்ற பெயர் அவர் வைத்தது. அவர் இதை விடுதலை என்று கொண்டாடவும் இல்லை. அந்தப் பெண் பையன்களுக்கான பதிலியாகவும் இருக்கலாம் என்று எச்சரித்தார். இதற்கிடையே, 1982இல், பெண்ணியப் படைப்பாளி ரீட்டா மே பிரௌன் கேலியாக எழுதிய திரைக்கதையை ஏமி ஹோல்டன் ஜோன்ஸ் 'த ஸ்லம்பர் பார்ட்டி மாஸாக்கர்' என இயக்கினார். கொலைகாரனின் கையில் நீண்ட துளையிடும் கருவி. அதன் முனையைப் பெண்கள் வெட்டிவிடுகிறார்கள். இதற்கு உரை தேவையில்லை.

பிரிட்டனில் கோபத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. 1975 முதல் 1980 வரை வடக்கு இங்கிலாந்தில் பீட்டர் சட்க்ளிஃப் 13 பெண்களைக் கொன்றான். காவல்துறை அவனை ஒன்பது முறை விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. பாலியல் தொழிலாளர்களையும் 'அப்பாவி'ப் பெண்களையும் தரம் பிரித்துப் பேசியது. இரவில் வெளியே வராதீர்கள் என்று பெண்களுக்கே உத்தரவு போட்டது. இரவு எங்களுடையதும்தான் என்று லீட்ஸ் பெண்கள் 1977இல் ஊர்வலம் போனார்கள். பிறகு பிரையன் டி பால்மாவின் 'டிரெஸ்ட் டு கில்' ஓடிய தியேட்டர்களின் முன் போராடினார்கள். தெருவில் நிஜமாகவே கொலைகாரன் திரியும்போது திரையில் அவன் கண்ணால் பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் எரியாது? அந்தக் கோபத்தின் பக்கம்தான் நான்.

ஆனால் அரசு அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு என்ன செய்தது? தாட்சர் அரசு 1984இல் வீடியோ பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. தலைமை வழக்குத் தொடுநரின் பட்டியலில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. கடைகளில் சோதனை, கேசட் பறிமுதல், ஒரு விநியோகஸ்தருக்குச் சிறை. அதே ஆண்டில்தான் அதே அரசின் போலீஸ் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களைக் குதிரை மேல் ஏறி அடித்தது. பெண்கள் கேட்டது காவல்துறையின் பார்வை மாற வேண்டும் என்பதை. கிடைத்தது காவல்துறைக்கு இன்னுமோர் அதிகாரம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை முறைப்படி ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவிக்கவே இல்லை என்பது 2009இல் தெரியவந்தது. அதுவரை செல்லாத சட்டத்தை வைத்தே தண்டித்திருக்கிறார்கள். 2010இல் மறுபடியும் இயற்றினார்கள்.

5

1996இல் வெஸ் கிரேவனின் 'ஸ்க்ரீம்' இந்த விதிகளைப் பாத்திரங்களின் வாயாலேயே ஒப்பிக்க வைத்தது. மரபு தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும்போது அது தீர்ந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். மரபில் எஞ்சியிருந்தது என்ன என்பதை 2017இல் ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' காட்டியது. கிறிஸ் ஒரு கறுப்பினப் புகைப்படக்காரன். வெள்ளைக் காதலியின் வீட்டுக்குப் போகிறான். அங்கே கறுப்பர்களின் உடல் ஏலத்துக்கு விடப்படுகிறது. ஏலத்தில் கிறிஸ்ஸை எடுப்பவர் பார்வையிழந்த ஓவிய வியாபாரி. அவருக்கு வேண்டியது அவனுடைய கண். பவல் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. கண்ணையே பிடுங்கிக்கொள்ளும் சொத்துரிமை. வசியம் செய்யப்பட்டவர்களை உலுக்கி எழுப்புவதும் ஒரு சின்ன வெளிச்சம்தான். அவன் கைபேசிக் கேமராவின் ஃபிளாஷ்.

முடிவில் கிறிஸ் ரத்தத்தோடு தெருவில் நிற்கிறான், காவல்துறை வண்டியின் விளக்கு சுழல்கிறது. தியேட்டரில் மூச்சு நின்றுபோகும் இடம் அது. கொலைகாரர்களிடமிருந்து தப்பியாயிற்று, இனிமேல்தான் ஆபத்து என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். 1968இன் பென்னை அறியாதவர்களுக்கும் தெரியும். வண்டியிலிருந்து இறங்குவது அவன் நண்பன். பீல் முதலில் எடுத்து வைத்திருந்த முடிவில் வருவது நிஜப் போலீஸ், கிறிஸ் சிறைக்குப் போகிறான். பார்வையாளர்களுக்கு ஒரு விடுதலை தேவை என்று மாற்றினார்.

இரண்டு முடிவுகளும் சரி என்றே எனக்குப் படுகிறது. முகமூடிக்காரனோடு இந்தப் படங்களின் பயம் முடிவதில்லை. புகாரை எழுதிக்கொள்ளாத போலீஸ்காரர், விளக்கை அணைக்கும் பக்கத்து வீட்டார், ஜன்னலில் தெரிபவன் மனிதனா என்று பார்க்காமல் சுடும் படை என்று அது அவர்களையும் தொட்டுவிட்டே அடங்குகிறது. தணிக்கையின் அளவுகோலில் இவர்கள் சிக்கவே மாட்டார்கள், இவர்கள் வரும் காட்சிகளில் ரத்தமே இருக்காது. 'இதையெல்லாம் ஏன் பார்க்கணும்?' என்று கேட்கும் நண்பர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: இந்தக் குப்பைகளில் பல நிஜமாகவே குப்பை, தாராளமாகத் திட்டுங்கள். திட்டுவதற்கு முன் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள். செய்தித்தாளில் கொலைச் செய்தி படிக்கும்போதும் அந்தக் கேள்வி உதவும்.